அண்டக்கதிர் கண்ட அம்மையார் பிபா சௌதுரி

நூற்றாண்டு மலருக்காக விஞ்ஞானப் பெண்மணி ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, மேரி கியூரி அம்மையாரைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறோம். பரிசளிப்பு விழா மேடைகளில் அவருடைய பெயரைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தோம். அவரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல நம்மிடம் ஒன்றுமில்லை. ஆகவே நம் மலைநாட்டு வாழ்வுக்கு இன்னும் சற்று அருகில் நிற்கும் ஒருவரை எடுத்துக்கொண்டோம். தேயிலை மலைகளில் தம் ஆய்வைத் தொடங்கி, தமிழ்த் தொழிலாளர் தோண்டிய சுரங்கம் ஒன்றில் அதைத் தொடர்ந்தவர் அவர். இந்தியாவின் முதல் பெண் துகட் பௌதிகவியலாளர் என்று இன்று பலரும் அறிந்த பிபா சௌதுரி அம்மையார்.

அவர் 1913ஆம் ஆண்டு கல்கத்தாவிற் பிறந்தார். தந்தை வைத்தியர். தாயார் பிரம்ம சமாஜக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பெண்பிள்ளைகளைப் படிக்கவைப்பது பிரம்ம சமாஜத்தாரிடம் ஊறிய வழக்கம். ஆகையால் படிக்கட்டுமா என்று வீட்டில் கெஞ்சவேண்டிய நிலை அவருக்கு இருக்கவில்லை. தடை வந்தது வீட்டுக்கு வெளியேதான். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் ராஜாபஜார் விஞ்ஞானக் கல்லூரியில் 1936இல் பௌதிகவியல் முதுமாணிப் பட்டத்தை நிறைவுசெய்த ஒரே பெண் அவர். ஆய்வு செய்ய வேண்டுமென்று பேராசிரியர் தேபேந்திர மோகன் போஸிடம் போய் நின்றபோது, பெண்களுக்குக் கொடுக்கத்தக்க ஆய்வுத் தலைப்பு தம்மிடம் இல்லையென்று அவர் தயங்கினாராம். அம்மையார் விட்டுக்கொடுக்கவில்லை, பேராசிரியரே இணங்கினார். தாவரங்களைப் பற்றிய ஆய்வுகளால் நாம் பாடப்புத்தகத்தில் அறிந்த ஜகதீஸ் சந்திர போஸின் மருமகன் இவர். தாய்மாமன் 1937இல் மறைந்ததும் அவர் நிறுவிய போஸ் ஆய்வு நிலையத்தின் பொறுப்பு இவரிடம் வந்தது. அம்மையாரும் அங்கே சேர்ந்தார்.

இனி அந்த ஆய்வைச் சொல்ல வேண்டும். உயர்தரத்தில் கலை, வர்த்தகம் படித்த சகோதரிகள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்தவர் எவருக்கும் இது விளங்கும்.

வானவெளியிலிருந்து மிகுந்த வேகத்தில் வரும் நுண்துகள்கள் எந்நேரமும் பூமிமேல் விழுந்தவண்ணம் இருக்கின்றன. இவையே அண்டக்கதிர்கள். வளிமண்டலம் நமக்குப் போர்வைபோல இருந்து இவற்றில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. உயரம் ஏற ஏறப் போர்வை மெலிகிறது. கொழும்பில் இருப்போரைவிட நுவரெலியாவில் இருப்போர்மீது இக்கதிர்கள் சற்றுக் கூடுதலாகவே விழும். பயப்பட ஒன்றுமில்லை, நம் பாட்டிமார் தொண்ணூறு வயது வரை கொழுந்து மலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அண்டக்கதிரைப் பிடிக்க நினைப்பவர் மலை ஏறித்தான் ஆகவேண்டும்.

பிடிப்பது எதனால்? ஒளிப்படத் தட்டினால். கண்ணாடித் தகட்டின்மேல் பூசிய ஜெலற்றினுக்குள் வெள்ளிப் புரோமைட்டு மணிகள் நிறைந்திருக்கும். மின்னேற்றமுள்ள துகளொன்று அதை ஊடுருவிச் சென்றால், போன வழியிலுள்ள மணிகள் மாற்றமடையும். தட்டைக் கழுவி எடுத்து நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்தால் கறுப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். மின்சாரம் வேண்டாம், பக்கத்தில் ஆள் காவல் இருக்க வேண்டாம். பெட்டியில் போட்டு மலையுச்சியில் வைத்துவிட்டு மாதக்கணக்கில் மறந்துவிடலாம். வசதி குறைந்த நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது.

இந்த முறைக்கு வழிகாட்டியவரும் ஒரு பெண்மணியே. வியன்னாவைச் சேர்ந்த மரியெற்றா பிளாவ், தம் தோழி ஹெர்த்தா வம்பாக்கருடன் சேர்ந்து, இன்ஸ்புறுக் நகருக்கு மேலே 2300 மீற்றர் உயரத்தில் மாதக்கணக்கில் வைத்த தட்டுகளில் 1937இல் ஒரு புதுமையைக் கண்டார். ஒரே புள்ளியிலிருந்து பல கோடுகள் நாற்புறமும் தெறித்திருந்தன. பார்வைக்கு நட்சத்திரம் போலவே இருந்ததால் அதற்கு அந்தப் பெயரே நிலைத்தது. அண்டக்கதிர்த் துகளொன்று தட்டிலிருந்த வெள்ளி அல்லது புரோமீன் அணுவின் கருவை மோதி உடைத்த அடையாளம் அது.

அந்த உடைவு எப்படி நடக்கிறது என்பதில்தான் நாம் சொல்லிய கேத்தல் வருகிறது. வேகமாக வந்த துகள் கருவினுள் நுழைந்ததும் எதிர்ப்பட்ட ஒன்றிரண்டு புரோத்தன்களையோ நியூத்திரன்களையோ நேரடியாக இடித்து வெளியே தள்ளிவிடும். அத்துடன் கதை முடிவதில்லை. மோதலில் கிடைத்த சக்தியில் ஒரு பங்கு எஞ்சிய கருவுக்குள்ளேயே தங்கி, உள்ளே இருப்பவற்றிற்கிடையே பகிரப்படுகிறது. கரு சூடேறிவிட்டது என்றே சொல்லலாம். பாடப்புத்தக மொழியில் அது அருட்டப்பட்ட நிலை. அடுப்பிலிருந்து இறக்கிய கேத்தல் ஆவி விட்டு ஆறுவதுபோல, அருட்டப்பட்ட கருவும் துகள்களை ஒவ்வொன்றாக விட்டு ஆறுகிறது. துகளை வெளியேற்றப் போதிய சக்தி இல்லாத நிலைக்கு வந்ததும், மீதியைக் காமாக் கதிராக விட்டு அடங்கிவிடுகிறது. இவையெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தைக் கோடி கோடியாய்ப் பங்கிட்டாலும் எட்டாத சிறு கணத்துள் நடந்துவிடும். தட்டில் எஞ்சுவது நட்சத்திரம் மட்டும்.

கருவை இப்படி அருட்டுவதற்கு வானத்திலிருந்து துகள் விழக் காத்திருக்கவேண்டும் என்பதில்லை. இலத்திரன் கற்றையைப் பாய்ச்சியும் செய்யலாம். கருவில் பட்டுச் சிதறிய இலத்திரன் எவ்வளவு சக்தியை இழந்து வெளிவருகிறதென்று அளந்தால், கருவுக்குள் எவ்வளவு தங்கியது என்ற கணக்குத் தானே கிடைத்துவிடும். பிறகு அந்தக் கரு நியூத்திரனை விடுகிறதா, புரோத்தனை விடுகிறதா, காமாக் கதிரோடு நிறுத்திக்கொள்கிறதா என்று பார்ப்பார்கள். அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட்டில் 1950களில் இலத்திரன் சிதறலைக்கொண்டு கருவின் பருமனையே அளந்த ரொபேர்ட் ஹொவ்ஸ்ராட்டருக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அதற்கு நீண்ட குழாயுள்ள பெரும் ஆர்முடுக்கி இயந்திரம் வேண்டும். 1939ஆம் ஆண்டுக் கல்கத்தாவில் அதற்கு எங்கே போவது? வானமே ஆர்முடுக்கி, தட்டே ஆய்வுகூடம் என்று தொடங்கினார்கள் பேராசிரியரும் மாணவியும்.

வைத்தியத் துறையில் இருப்பதால் இங்கே ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறோம். இவையெல்லாம் நம் வாழ்வோடு தொடர்பில்லாத சங்கதிகள் அல்ல. எலும்பு ஸ்கானுக்காகப் பேராதனை அணுமருத்துவப் பிரிவுக்கு நாம் அனுப்பிவைக்கும் நோயாளிக்கு ஏற்றப்படும் ரெக்னீசியம் மருந்து, அருட்டப்பட்ட கருக்களைக் கொண்டதே. மற்றக் கருக்களைப்போல உடனே ஆறாமல், 6 மணித்தியால அரை ஆயுட்காலத்தோடு நிதானமாகக் காமாக் கதிரை விட்டு அடங்குவதால்தான் படமெடுக்க நேரம் கிடைக்கிறது. புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும் இயந்திரத்திலும் இலத்திரன்களைத்தான் வேகமூட்டி உலோகத்தில் மோதவிடுகிறார்கள். சக்தி மிகுந்த இயந்திரமானால் அங்கே சில கருக்கள் அருட்டப்பட்டு நியூத்திரனை உமிழும். அந்த அறைகளின் கதவுக்கு ஈயம் மட்டும் போதாமல் நியூத்திரனைத் தடுக்கும் பொருளும் சேர்ப்பது இதனால்தான்.

அம்மையாரிடம் திரும்புவோம். அவர்கள் தெரிந்தெடுத்த மலை டார்ஜிலிங். உலகத் தேநீர்ச் சந்தையில் நம் நுவரெலியாத் தேயிலைக்குப் பக்கத்துக் கடைக்காரர் என்று சொல்லத்தக்க ஊர். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7000 அடி. நம் ஊரோ 6000 அடிக்குச் சற்று மேல். சில தட்டுகளை அங்கே வைத்தார்கள். வேறு சிலவற்றை நேபாள எல்லையோரம் 12,000 அடிக்குக் கிட்டிய சந்தக்பு முகட்டில் வைத்தார்கள். பீதுருதலாகலைக்கு மேல் இன்னும் 3600 அடி ஏறினால் வரும் உயரம் அது. குளிரைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாதங்கள் கழித்துத் தட்டுகள் கல்கத்தா வந்து சேரும். அதன்பின் வேலை முழுவதும் கண்ணுக்குத்தான். மில்லிமீற்றரில் சிறு பின்னமே நீளமுள்ள கோடுகளைத் தேடித் தட்டு முழுவதையும் சிறு சிறு சதுரமாகப் பார்த்து முடிக்கவேண்டும். மலேரியாக் கிருமியைத் தேடி இரத்தப் பூச்சுத் தகடுகளை மணிக்கணக்கில் பார்த்த அனுபவமுள்ள நம் துறைச் சகோதரிகளுக்கு அந்தக் கழுத்து வலியும் கண் எரிச்சலும் தெரியும். இல்லாததைக் கண்டதாகவும் சொல்லக்கூடாது, இருப்பதைத் தவறவும் விடக்கூடாது.

அம்மையார் கண்டது நட்சத்திரங்களை மட்டுமல்ல. சில கோடுகள் நேராகப் போகாமல் மெல்ல மெல்ல வளைந்து நெளிந்திருந்தன. வழியிலுள்ள கருக்களின் மின்விசையால் துகள் அடிக்கடி சிறிதளவு விலகுவதால் வரும் நெளிவு அது. பாரமான துகள் அதிகம் அசையாது, இலேசான துகள் கூடுதலாக அலைக்கழியும். துகள் வேகம் குறையக் குறையக் கறுப்பு மணிகள் நெருங்கி வரும். நெளிவையும் மணிகளின் இடைவெளியையும் சேர்த்து அளந்தால், கண்ணாற் காணமுடியாத அந்தத் துகளின் திணிவைக் கணித்துவிடலாம். அளந்தார்கள். இலத்திரனைப்போல ஏறத்தாழ 200 மடங்கு என்று வந்தது. இலத்திரனுக்கும் புரோத்தனுக்கும் இடைப்பட்ட அத்துகளை அக்காலத்தில் மெசோத்திரன் என்று அழைத்தார்கள். 1940 முதல் 1942 வரை இந்த ஆய்வுகள் இங்கிலாந்தின் நேச்சர் சஞ்சிகையில் தொடர்ந்து வெளிவந்தன. அம்மையாருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

பிறகு ஆய்வு நின்றுபோயிற்று.

காரணம் சாதாரணமானது. அவர்கள் கையிலிருந்தவை இல்போர்ட் நிறுவனத்தின் பாதித்தொனித் தட்டுகள். அடர்த்தியான தடம் விடும் துகள்களை மட்டுமே அவை பதிவுசெய்யும். மெசோத்திரன் ஓய்ந்து சிதையும்போது வெளியேறும் இலத்திரனின் மெல்லிய தடம் அவற்றில் விழாது. கூடிய உணர்திறனுள்ள தட்டு வேண்டும். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அத்தகைய தட்டு இந்தியாவுக்கு வரவில்லை. அவ்வளவுதான். அறிவு இருந்தது, முறை இருந்தது, மலை இருந்தது. தட்டு இல்லை.

யுத்தம் முடிந்ததும் பிரிஸ்ரலில் இருந்த செசில் பவல், அதே இல்போர்ட் நிறுவனத்தார் புதிதாகச் செய்துகொடுத்த செறிவான தட்டுகளைப் பிரான்சின் மலையொன்றிலும் பொலிவியாவின் அந்தீசு மலையிலும் வைத்தார். மெசோத்திரன் என்று சொல்லப்பட்டவை உண்மையில் இரண்டு வகைத் துகள்கள் என்று 1947இல் தெளிவாயிற்று. பையன் என்ற ஒன்று சிதைந்து மியூவன் என்ற மற்றதைத் தருகிறது. 1950இல் பவலுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அம்மையாரிடமிருந்து நோபல் பரிசு பறிக்கப்பட்டது என்று இப்போது சிலர் எழுதுகிறார்கள். நாம் அவ்வளவு தூரம் போகமாட்டோம். பையனைப் பிரித்துக் காட்டியவர் பவல்தான். கல்கத்தாத் தட்டுகளில் இரண்டு துகள்களும் கலந்தே இருந்திருக்கக்கூடும். அவற்றைப் பிரித்தறிய அந்தத் தட்டுகளால் இயலாது. தட்டைக்கொண்டு மெசோத்திரனின் திணிவை அளக்கும் வழியில் போஸும் சௌதுரியும் முன்னோடிகள் என்பதைப் பவலும் அவருடைய தோழர்களும் 1959இல் வெளியிட்ட தங்கள் பெருநூலில் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். இதைக் களவென்று சொல்லிவிட்டால் உண்மையான இழப்பு மறைந்துபோகிறது என்பதே நம் கருத்து. ஆய்வுகூடத்தில் ஒரு பொருள் இல்லாததால் நின்றுபோன படிப்பை நம் மலையகப் பெண்பிள்ளைகள் நன்கு அறிவார்கள். யாரும் பறிக்கவில்லை, வந்து சேரவில்லை. முறைப்பாடு கொடுக்கவும் ஆளில்லை.

மரியெற்றா பிளாவின் கதை இன்னும் துயரமானது. யூத இனத்தவர் என்பதால் 1938இல் வியன்னாவை விட்டு ஓடவேண்டி வந்தது. ஒஸ்லோ வழியாக மெக்சிக்கோ போய்ச் சேர்ந்தார். பரிசுக்கு அவரைப் பரிந்துரைத்தவர்களில் ஷ்ரோடிங்கரும் ஒருவர். கிடைக்கவில்லை.

சௌதுரி அம்மையார் சோர்ந்து உட்காரவில்லை. 1945இல் கப்பலேறி மான்செஸ்ரர் போனார். அண்டக்கதிர் ஆய்வில் பேர்பெற்ற பற்றிக் பிளக்கெற்றின் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். அந்தப் பிளக்கெற்றுக்கு 1948இல் நோபல் பரிசு கிடைத்தது. அம்மையார் இப்போது தட்டை விட்டு வேறு வழிக்கு வந்தார். வானத்திலிருந்து வரும் ஒரே துகள் மேல்வளியில் ஒரு கருவை மோத, அதிலிருந்து பல துகள்கள் பிறந்து, அவையும் மோதிப் பெருகி, தரைக்கு வரும்போது பெரும் மழையாகப் பொழியும். அந்த மழையில், ஈயத்தையும் துளைத்துச் செல்லும் துகள்களின் பங்கு எவ்வளவு என்பதே அவருடைய ஆய்வு. மழை எவ்வளவு அடர்த்தியோ அதற்கேற்ப அவையும் கூடுகின்றன என்று காட்டினார். ஆய்வேடு 1949இல் நிறைவுற்றது. இங்கிலாந்துப் பத்திரிகையொன்று அவரைப் பேட்டி கண்டபோது, பௌதிகவியலில் பெண்கள் இவ்வளவு குறைவாக இருப்பது பெரும் அவலம் என்று அவர் வருந்தியிருக்கிறார்.

அதே ஆண்டு ஹோமி பாபா அவரைப் பம்பாய்க்கு அழைத்தார். ராற்றா அடிப்படை ஆய்வு நிறுவனத்தை அப்போதுதான் கட்டியெழுப்பிக்கொண்டிருந்த பாபா, நல்ல மாணவர்களைத் தேடி ஆய்வேடு பரிசோதித்தவர்களிடமே விசாரிப்பவர். அந்த நிறுவனத்தின் முதல் பெண் ஆய்வாளர் சௌதுரி அம்மையார். எட்டு ஆண்டுகள் அங்கே இருந்தார். இடையில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் சிலகாலம் பணி புரிந்தார். பின்னர் அகமதாபாத்தில் விக்கிரம் சாராபாயின் பௌதிக ஆய்வுகூடத்திற்குச் சென்றார்.

அங்கிருந்து அவர் வந்து சேர்ந்த இடம் கோலார் தங்கவயல். மைசூர் இராச்சியத்தில் இருந்தாலும் அது தமிழ் ஊர் என்றே சொல்லவேண்டும். வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து ஆட்கட்டிக் கொண்டுபோன தமிழ்க் குடும்பங்கள் வெள்ளைக்காரக் கம்பனிக்காகத் தோண்டிய சுரங்கங்கள் அவை. நம் முன்னோர் கங்காணியின் பின்னால் மன்னார் வழியாக மலையேறிய அதே காலத்தில் வேறு சிலர் அங்கே மண்ணுக்குள் இறங்கினார்கள். நமக்கு லயம், அவர்களுக்கும் வரிசை வீடு. தேயிலைக்கு மேலே ஏறினோம், தங்கத்துக்குக் கீழே அவர்கள் போனார்கள், 3 கிலோமீற்றருக்கும் மேலான ஆழம் வரை.

அந்த ஆழம்தான் விஞ்ஞானிகளை இழுத்தது. மலையுச்சியில் எல்லாத் துகளும் விழும். ஆழச் சுரங்கத்திலோ மேலேயுள்ள பாறை மற்றதையெல்லாம் வடிகட்டிவிட, மிகுந்த சக்தியுள்ள மியூவன்கள் மட்டுமே வந்து சேரும். டார்ஜிலிங்கில் தாம் அளந்த மெசோத்திரனின் வாரிசை அம்மையார் பாறைக்கடியில் மறுபடி சந்தித்தார் எனலாம். தரையில் விழும் துகள்மழையையும் நிலத்தடிக்கு வந்துசேரும் மியூவன்களையும் சேர்த்து ஆராய்ந்தார். அதே தங்கவயலில், தரை மட்டத்துக்கு 2 கிலோமீற்றருக்கும் கீழே, ராற்றா நிறுவனத்தினர் ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகளோடு சேர்ந்து 1965இல் வளிமண்டல நியூத்திரினோவின் தடத்தை உலகிலேயே முதல் வரிசையில் கண்டுபிடித்தார்கள். கூண்டில் ஏற்றி அவர்களைக் கீழே இறக்கியதும், பாறை குடைந்து இடம் செய்துகொடுத்ததும் யார் என்று விஞ்ஞான வரலாறுகள் பெரிதாக எழுதுவதில்லை. நாம் எழுதிவைக்கிறோம். அந்தச் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன.

சாராபாய் 1971 டிசம்பரில் திடீரெனக் காலமானார். அதற்குப் பின் அம்மையார் அகமதாபாத்தை விட்டுக் கல்கத்தாவுக்கே திரும்பினார். சாகா அணுக்கரு பௌதிக நிலையத்தாரோடு சேர்ந்து ஆய்வைத் தொடர்ந்தார். வாழ்க்கை வரலாறுகளில் வழக்கமாக வரும் திருமணம், பிள்ளைகள் என்ற பந்தி இங்கே இல்லை. அவர் மணம் செய்துகொள்ளவில்லை. பெரிய விருதுகள் என்ற பந்தியும் இல்லை. இந்தியாவின் தேசிய விஞ்ஞானக் கழகங்கள் எதுவும் அவரை அங்கத்தவராக்கவில்லை. இதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று ஊகித்து எழுத நமக்கு விருப்பமில்லை. முதுமை வரை கட்டுரைகள் வெளியிட்டுக்கொண்டிருந்தார் என்பதை மட்டும் குறிப்பிடலாம். 1991 யூன் மாதம் கல்கத்தாவில் காலமானார்.

அவர் வாழ்க்கையை விரிவாகச் சொல்லும் நூல் 2018இல்தான் வந்தது. அடுத்த ஆண்டு சர்வதேச வானியல் ஒன்றியம் நாட்டுக்கொரு நட்சத்திரத்துக்குப் பெயர் சூட்டும் வாய்ப்பைக் கொடுத்தபோது, இந்தியாவின் பங்குக்கு வந்த நட்சத்திரத்துக்குப் பிபா என்று பெயரிட்டார்கள். அதைச் சுற்றிவரும் கோளின் பெயர் சந்தமசா. மேகம் மூடியது என்று பொருள். நம் ஊருக்கும் பொருந்தும் பெயர்தான். சிங்க ராசிக்குத் தெற்கேயுள்ள செக்ஸ்ரன்ஸ் என்ற மங்கலான கூட்டத்தில் அது இருக்கிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது, நல்ல பைனாகுலர் வேண்டும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் முன்னிரவில், பனிமூட்டம் விலகிய நாளாகப் பார்த்து, கிரகறி வாவிக் கரையில் நின்றால் ஏறத்தாழ தலைக்கு நேர்மேலே இருக்கும். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கும் சகோதரிகள் தெற்குப் பக்கமாகப் பார்க்கவேண்டும். மெல்பேர்ணில் இருப்போர் வடக்குப் பக்கமாக.